மகாலட்சுமி கையெழுத்து

வேப்பம்பட்டு
6 செப்டம்பர் 2025

அண்ணிக்கு,

பதினோரு முறை போன் அடித்தேன். கடைசியில் உங்கள் தம்பி குணா எடுத்தான். "அக்கா போன்ல யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிக்கிறாரு. இன்னா விஷயமோ லெட்டர் போட்டுடுங்க" என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான் என்று தெரியும். பரவாயில்லை, போடுகிறேன். கடிதம் என்றால் பாதியில் கட் பண்ண முடியாது இல்லையா?

நேற்று எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு வீடியோ சுற்றியது. கும்மிடிப்பூண்டி. நம் இரும்புக் கம்பி மில் வாசல். பேங்க்காரர்கள் மில்லை மதிப்புப் போட வந்த நாளாம். கேட்டில் ஒரு கழுதை. அதற்குக் கிளிப்பச்சைப் பட்டுச்சேலை சுற்றி, நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமம் வைத்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். "முதலாளியம்மா. கும்பிட்டுவிட்டு உள்ளே போகவும்." பொருளாதாரத் துறை ஸம்பத்குமார் சார் என் பக்கம் திரும்பி, "இது உங்க அப்பா மில்லுதானே மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு தடவை கேட்டதில்லை. இப்போது கேளுங்கள். டெல்லியில் முகலாய ராஜ்ஜியம் சரிந்துகொண்டிருந்த காலம், இருநூற்றெழுபது வருஷம் முன்பு. பாதுஷாவின் தாய் குத்ஸியா பேகம். சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அந்த அம்மாளோ பிறந்தநாளுக்கு இரண்டு கோடி ரூபாய் செலவழித்தாளாம். சிப்பாய்கள் அரண்மனை வாசலில் ஒரு கழுதையையும் ஒரு பெட்டை நாயையும் கட்டினார்கள். உள்ளே போக வந்த பிரபுக்களிடம், முதலில் இவர்களுக்கு சலாம் போடுங்கள், இது அந்தப்புர நிர்வாகி நவாப், இது மகாராணி என்றார்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. வயிறு காய்ந்தால் தானாகவே தோன்றும் போல.

நம் ஸ்நேகாவின் மஞ்சள் நீராட்டு விழா ஞாபகம் இருக்கிறதா? போன நவம்பர். மூவாயிரம் பேருக்கு விருந்து. நீங்கள் கழுத்து தெரியாமல் நகை போட்டுக்கொண்டு நின்றீர்கள். அப்போது மில்லில் ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. ஜனவரியில் மில்லை மூடினீர்கள். செட்டில்மென்ட் என்று நாற்பத்துமூன்று பேருக்குக் கொடுத்த காசோலைகள் நாற்பத்துமூன்றும் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து. மார்ச்சிலிருந்து அண்ணனைக் காணோம். அவனையும் நீங்கள்தான் விரட்டியிருப்பீர்கள்.

மூன்று ஏக்கர் நெல் நிலத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்த மனிதர் அப்பா. துளசிராமன் என்றால் சிப்காட்டில் எழுந்து நிற்பார்கள். அவர் போய் இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அவர் வாசலில் கழுதை நிற்கிறது.

நர்மதா

*

அத்திப்பட்டு
12 செப்டம்பர் 2025

நர்மதாவுக்கு,

லெட்டர் எழுதக்கூடாது என்று வக்கீல் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யாராவது எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அதனால் எழுதுகிறேன். குணாவின் குவார்ட்டர்ஸ் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பவர் ஹவுஸ் சாம்பல் தாளில்கூட விழுகிறது. தட்டிவிட்டுப் படி.

அந்தக் கிளிப்பச்சைச் சேலை என்னுடையது. போன தீபாவளிக்கு வாட்ச்மேன் தேசப்பன் பெண்சாதிக்குக் கொடுத்தேன். நல்ல சேலை, மூன்று முறைதான் கட்டியிருப்பேன். வீடியோவில் முந்தானையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்தேன். அவள் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை, பட்டுச்சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? கழுதைக்குத்தான் கட்டுவாள்.

விழாவைக் கேட்டாய். சொல்கிறேன். எனக்கு இருநூறு பேர் போதும் என்றேன். உன் அண்ணன் கேட்கவில்லை. பேங்கில் கடனைப் புதுப்பிக்க வேண்டிய மாசம் அது. "காலியா கீறோம்னு தெரிஞ்சா ஒருத்தன் டப்பு குடுக்கமாட்டான், பூமிகா. இருக்கிற மாதிரி காட்டுனாத்தான் குடுப்பான்" என்றார். முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தாயா? மாமன்மார் இல்லை, பேங்க்காரர்கள். ஸ்நேகா பந்தலில் உட்கார்ந்துகொண்டு என் காதில், "அம்மா, அப்பா என்னைப் பாக்கவே இல்ல, அந்த அங்கிளுங்களையே பாத்துக்கினு இருக்காரு" என்றாள். என் கழுத்தில் இருந்தது அத்தனையும் கவரிங். நிஜ நகை ஆடியிலேயே அடகுக்குப் போய்விட்டது. நீ வரலாறு படித்தவள், கவரிங் தெரியவில்லையா உனக்கு?

உன் ராணியும் யாருக்குக் காட்ட அந்தப் பிறந்தநாளைக் கொண்டாடினாளோ. செலவு செய்யச் சொன்னது யார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பார்த்துச் சொல்.

கையெழுத்து என்னுடையதுதான். எப்படிப் போட்டேன் என்று உனக்குத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும்தான் போட்டாய். அதைச் சொல்ல குடும்பத்தில் ஒரு ஆள் வேண்டும் என்கிறார் வக்கீல். நவம்பர் 18, திருவள்ளூர் கோர்ட்டில் செக் கேஸ். யாரும் வராவிட்டால் இரண்டு வருஷம் வரை உள்ளே இருக்க வேண்டிவரும் என்கிறார். ஸ்நேகா ஒன்பதாவது படிக்கிறாள்.

பூமிகா

*

வேப்பம்பட்டு
21 செப்டம்பர் 2025

அண்ணிக்கு,

பூஜைக் கையெழுத்தைச் சொல்கிறீர்கள். அதையா கோர்ட்டில் சொல்லச் சொல்கிறீர்கள்?

எந்த வீட்டில் அண்ணி அப்படி ஒரு வழக்கம் உண்டு? ஆயுத பூஜையன்று புதுக் கணக்கு நோட்டு, செக் புத்தகம், மில் பெயர் அச்சடித்த தாள் எல்லாவற்றையும் வாழை இலையில் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எங்க ஊட்ல டப்பு பொம்பளைங்க கையாலதான் போவும், அது மகாலட்சுமி கையெழுத்து" என்று நாலு பேர் முன்னால் சொன்ன மனிதர் அப்பா. மற்ற மில் முதலாளிகள் வீட்டில் பெண்களுக்கு ஆபீஸ் வழிகூடத் தெரியாது. உங்களை டைரக்டர் ஆக்கினார். மரியாதை கொடுத்தவரையே கூண்டில் ஏற்றச் சொல்கிறீர்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. நான் வரமாட்டேன்.

நீங்கள் கேட்டதைத் தேடினேன். தேடாமல் இருக்க முடியவில்லை, அது என் வியாதி. குத்ஸியாவின் செலவை எழுதி வைத்தவர்கள் எல்லாம் அரசவை ஆண்கள். உத்தரவு யார் போட்டது என்று ஒருவரும் எழுதவில்லை. அந்த நவாப் ஒருவன் இருந்தான், அவன் கைக்குப் போகாமல் எதுவும் நகரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். முப்பது வருஷம் கழித்து ஒரு விதவை ராணி, தனக்கு வேண்டிய பிள்ளையை அரியணையில் வைக்க ஒரு படைத்தலைவனுக்குப் பன்னிரண்டு லட்சம் கொடுத்தாளாம். அவன் வந்தான், பாதுஷாவின் கண்ணைப் பிடுங்கினான், பிறகு அவள் அரண்மனையையும் சுரண்டினான். பெண்கள் கையில் பணம் இருந்தது. ஒன்றும் தெரியாத பாப்பாக்கள் இல்லை அவர்கள். நீங்களும் இல்லை.

விமலிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்றுவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார். என் கணவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

நர்மதா

*

அத்திப்பட்டு
2 அக்டோபர் 2025

நர்மதாவுக்கு,

நேற்று ஆயுத பூஜை. குணா தன் பைக்கையும் ஸ்பேனர் பெட்டியையும் துடைத்துப் பொட்டு வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டு நோட்டு ஒன்றை எடுத்துவந்து, "அம்மா, உங்க கையால ஒரு லாபம் போட்டுக் குடுங்க" என்று பேனாவை நீட்டினார். நான் கத்திவிட்டேன். பாவம், மனிதர் பயந்துபோய்ச் சுண்டல்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த ராணி பன்னிரண்டு லட்சம் கொடுத்தாள் என்றாய். டப்பு அவளது, சரி. கத்தி அவளதா? அவளையே சுரண்டிக்கொண்டு போனவனுக்கு அவள் முதலாளியா? நான் பதினொன்றாவதோடு நின்றவள், தப்பாகச் சொன்னால் திருத்து.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம். மாமா என்னைக் கூப்பிட்டு, "மருமவளே, நீ போட்டாத்தான் நிக்கும்" என்றார். ஒரு கையெழுத்து கேட்டார், போட்டேன். அடுத்த வருஷம் ஒரு புத்தகம். அப்புறம் மூன்று புத்தகம், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை. விரல் முழுக்க மஞ்சள். தேதி இல்லை, பெயர் இல்லை, தொகை இல்லை. நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் முதலில் முடிப்பது என்று போட்டி போட்டோம்.

ஒரு வருஷம் நான் நிறுத்தினேன். ஒரு தாளில் இங்கிலீஷில் நிறைய அச்சடித்திருந்தது. என்ன என்று படிக்கக் குனிந்தேன். மாமா, "சாமிகிட்ட வெச்சத யாராவது படிப்பாங்களா?" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "இன்னா அண்ணி, பரீட்சையா எழுதுறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகி, போட்டுவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது நர்மதா.

திரும்பி வந்த செக்குகளை வக்கீல் காட்டினார். எல்லாவற்றிலும் போன பிப்ரவரி தேதி. சிலவற்றின் ஓரத்தில் மஞ்சள் கறை, பழுப்பாகிக் கிடக்கிறது. அது 2021-ல் பேங்க் கொடுத்த புத்தகமாம். நான் அந்த வருஷப் பூஜையில் போட்டது. மீதியெல்லாம் மெஷினில் அடித்தது, அடித்த கை வேறு.

மாமாவைக் கூண்டில் ஏற்று என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல் என்கிறேன். மரியாதை கொடுத்தார் என்கிறாய். நாற்பத்துமூன்று குடும்பத்துக்கும் கம்பெனி என்றால் என் பெயர்தான் தெரியும். கழுதைக்கு என் சேலையைத்தான் கட்டினார்கள். இந்த மரியாதையை நீ எடுத்துக்கொள்கிறாயா?

நவம்பர் 18.

பூமிகா

*

வேப்பம்பட்டு
27 அக்டோபர் 2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இருபது நாள் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். பரீட்சையா எழுதுறீங்க என்று நான் சொன்னது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதால் சொல்லவில்லை என்று ஆகாது. என் வாய் அப்படிப்பட்டதுதான்.

நேற்று கும்மிடிப்பூண்டி போனேன். விமலிடம் காலேஜ் வேலை என்று பொய் சொன்னேன். சென்ட்ரல் போய் வண்டி மாறி, வெயிலில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. சிப்காட்டில் மற்ற மில்லெல்லாம் இரைந்துகொண்டிருக்கிறது. நம் மில் மட்டும் கம்மென்று கிடக்கிறது. கழுதை இல்லை. தேசப்பன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். சம்பளமே இல்லாமல் எதற்குக் காவல் என்று கேட்டேன். "பெரியவரு குந்தச் சொன்ன எடம்மா இது. அவரு தெய்வம். வந்தவதான் எல்லாத்தையும் வாரிக்கினு போய்ட்டா" என்றான். மூன்று மாதம் முன்பு என்றால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். நேற்று மில் பூஜை அறைச் சாவியைக் கேட்டேன்.

அப்பா படத்துக்குக் கீழே தகரப் பெட்டி. அதற்குள் செக் புத்தகங்கள். ஒன்றில் இன்னும் ஒன்பது தாள் மீதி, ஒன்பதிலும் உங்கள் கையெழுத்து. அடியில் மில் பெயர் போட்ட தாள்கள் ஏழு. எல்லாம் வெறும் தாள். கீழே ஓரத்தில் என் கையெழுத்து. என்னுடையது அண்ணி! முனைவர் பட்டம் வாங்கிய நர்மதா. ஒரு முத்திரை அசலா போலியா என்று மூன்று பக்கம் கட்டுரை எழுதுகிறவள். இந்த ஏழில் எதையும் நான் படித்ததில்லை, படிக்க ஒன்றும் இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ ஏற்கெனவே எங்கே போயிருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது. கொடுத்துவிட்ட காசோலைகளின் அடிக்கட்டையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. யாருக்கு, எவ்வளவு, பிப்ரவரித் தேதி, எல்லாம் கையால் எழுதியிருக்கிறது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நம் வீட்டில் ஒருத்தன்தான். அண்ணன் எழுத்து அது. சந்தேகமே இல்லை.

அவன் ஓடிப்போகவில்லை அண்ணி. ஆந்திராவில் நாயுடுபேட்டை பக்கம் வேறு ஒருவர் பெயரில் பழைய இரும்பு யார்டு வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் செய்கிறான். "அவ இன்னா சொல்றா?" என்று கேட்பான். ஸ்நேகாவைப் பற்றி ஒரு தடவை கேட்டான். மார்ச்சிலிருந்து இதை உங்களிடம் மறைத்தேன்.

அடிக்கட்டைகளை எடுத்துவரவில்லை. எடுத்திருக்க வேண்டும், கை வரவில்லை. 18ஆம் தேதி வருகிறேன் என்று இப்போது எழுத முடியவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை.

நர்மதா

*

அத்திப்பட்டு
8 நவம்பர் 2025

நர்மதாவுக்கு,

உன் லெட்டரைப் படித்துவிட்டு குணாவை அனுப்பினேன். வக்கீலிடம் சொல்லவில்லை, முதலில் பெட்டி இருக்கிறதா பார் என்றேன். பெட்டி இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. தேசப்பன் சொன்னானாம், "ரெண்டாந்தேதி ஒரு காரு வந்துச்சு. ஆந்திரா நம்பரு. சின்ன மொதலாளி அனுப்பினாருன்னு சொல்லி பேப்பரையெல்லாம் எடுத்துக்கினு போய்ட்டானுங்க."

பெட்டியைப் பற்றி எனக்கு எழுதினாய். வேறு யாரிடம் பேசினாய் என்று நான் கேட்கவில்லை. நவம்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் பார்த்தேன், அவ்வளவுதான்.

எட்டு மாசமாக அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், ஸ்நேகாவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை எனக்கு. போன மாசம் ஒரு நாள் அவள், "அம்மா, நீ பொட்டு வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். பதினாலு வயசுக் குழந்தை கேட்கிற கேள்வியா அது? நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். பாவி.

வா என்று இனிமேல் கெஞ்சமாட்டேன்.

பூமிகா

*

வேப்பம்பட்டு
12 நவம்பர் 2025

அண்ணிக்கு,

நான்தான் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. "ஏண்டா இப்படிச் செஞ்சே, நீ ஏழுக்குக் கோடு போட்டிருக்கறத பாத்தேன்" என்று சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அவன் அழுதான். "நைனா இருந்தா இப்படி ஆயிருக்காதும்மா" என்றான். நானும் அழுதேன். எங்கே பார்த்தாய் என்று கேட்டான். பூஜை அறை என்றேன். மறுபடியும் அழுதான். அந்த அழுகைக்கு நடுவிலேயே டிரைவருக்குக் கை காட்டியிருக்கிறான் போலிருக்கிறது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த ராணிகள் பற்றிய அத்தியாயத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். கஜானாவை யார் காலி செய்தது என்று தலைப்பு வைத்திருந்தேன். பதில் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் வைத்த தலைப்பு.

18ஆம் தேதி வருகிறேன். பூஜைக் கையெழுத்தைச் சொல்கிறேன். அப்பா பெயரைச் சொல்கிறேன்.

நர்மதா

*

அத்திப்பட்டு
20 நவம்பர் 2025

நர்மதாவுக்கு,

கோர்ட் முடிந்ததும் உன்னைத் தேடினேன். நீ படியிறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாய் என்றாள் ஸ்நேகா. "அத்தை ஏம்மா பேசாமப் போறாங்க?" என்றாள். ரயிலுக்கு நேரமாகியிருக்கும் என்றேன்.

கூண்டில் நீ நின்றதை நீ பார்த்திருக்க முடியாது, நான் பார்த்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். வாழை இலையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாய். நீ சிரித்ததையும் சொன்னாய். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, யாரும் கேட்கவில்லை. அங்கேயே எனக்குப் பாதி மனசு ஆறிவிட்டது.

தொழிலாளர் தரப்பு வக்கீல் எழுந்து, "துளசிராமன் இறந்துட்டாரு. மறுத்துப் பேச வரமாட்டாருங்கற தைரியத்துல அவர்மேல பழி போடறீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார். நீ கம்பியிலிருந்து கையை எடுத்தாய். பிறகு, "அவரு உயிரோட இருந்திருந்தா நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றாய். ஜட்ஜே தலை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு உண்மையை அந்த இடத்தில் யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்.

வெளியே தேசப்பன் பெண்சாதி நின்றாள். கழுதைக்குச் சேலை கட்டியவள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "பெரியவராம்மா அப்பிடி செஞ்சாரு? நெசமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனைக்கும் அவளுக்கு வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

இனி எழுத வேண்டியதற்கு வருகிறேன். அந்தத் தொழிலாளர் தரப்பு வக்கீல் அதற்குப் பிறகு உன்னிடம், "கையெழுத்து அப்ப போட்டது, சரி. பிப்ரவரியில அதுல பேரும் தொகையும் அடிச்சது யாரு?" என்று கேட்டார். தெரியாது என்றாய். மறுபடியும் கேட்டார். தெரியாது. மூன்றாம் முறை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாய். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் எழுந்திருப்பேன். நிரப்பியவர் யார் என்று தெரியாதவரை நிரப்பியது நானென்றுதான் ஆகும் என்கிறார் எங்கள் வக்கீல். நீ வந்ததால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோமாம்.

உன் அக்டோபர் 27 லெட்டர் என்னிடம் இருக்கிறது. குறுக்குக் கோடு போட்ட ஏழு, அண்ணன் எழுத்து, சந்தேகமே இல்லை என்று நீயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பெட்டி போய்விட்டது, இது இருக்கிறது. எங்கள் வக்கீலுக்கு இது தெரியாது. தெரிந்தால் நாளைக்கே கோர்ட்டில் வைத்துவிடுவார். குணா, "குடுத்துடுக்கா, அவங்க மட்டும் உன்னைப் பாத்தாங்களா?" என்கிறான். இரண்டு நாளாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கொடுக்கமாட்டேன். ஒரு பெண் போட்ட கையெழுத்தை எடுத்து அவளைக் கேட்காமல் உபயோகிப்பது உங்கள் வீட்டு வழக்கம். எனக்கு அது வேண்டாம்.

நீ செத்தவர் பெயரைச் சொல்லிவிட்டாய். உயிரோடு இருக்கிறவர் பெயரையும் நீயேதான் சொல்ல வேண்டும். உன்னை மறுபடியும் கூப்பிட ஜட்ஜ் அனுமதி கொடுப்பார் என்கிறார் வக்கீல். அடுத்த வாய்தா டிசம்பர் 16, காலை பத்தரை மணி. ஸ்நேகாவுக்கு அன்றைக்கு அரைப் பரீட்சை, அவளை அழைத்துவரமாட்டேன். நான் மட்டும் வருவேன்.

நீ வருவாயா?

பூமிகா